சிலைக்கு மாலை! சமத்துவத்துக்குச் சுவர்!

காசிமேட்டுக்குப் பக்கத்தில் இராயபுரம். இராயப்பரின் பெயரால் எழுந்த ஊர் என்பர். யார் இந்த இராயப்பர்? மன்னர் மரபினரா? மடாதிபதியா? இல்லை, தோழர்களே! வலைவீசி வாழ்ந்த மீனவர் பேதுருவே அவர்! கி.பி. 64-இல் ரோமாபுரி தீக்கிரையானது. பழியைக் கிறிஸ்தவர்மீது சுமத்தி, நீரோ அவர்களைக் கொன்று குவித்தான். இதனை எழுதி வைத்தவர் கிறிஸ்தவரல்லர். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். அந்தக் கொடுங்காலத்திலேதான் பேதுருவும் மாண்டார் என்பது திருச்சபையின் மரபுச் செய்தி.

அந்நாளில் கிறிஸ்தவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று என்ன தெரியுமா? நாத்திகம்! ஆம், நம்மை நோக்கி வீசப்படும் அதே சொல்! நாட்டுத் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்தனர், பேரரசனைத் தெய்வமெனத் தொழ மறுத்தனர், ஆகவே நாத்திகர்! இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரத்து முதியவர் பொலிகார்ப்பு அவ்வாறே மறுத்து, நெருப்புக்கு இரையானார். 203-இல் கார்த்தேஜ் நகரில் பெர்பெத்துவா என்ற செல்வக்குடிப் பெண்ணும், பெலிசித்தா என்ற அடிமைப்பெண்ணும் ஒரே அரங்கிலே விலங்குகளின் முன் நிறுத்தப்பட்டனர். சீமாட்டி என்றும் அடிமை என்றும் வாழ்வு பிரித்து வைத்த இருவரும் சாவை ஒன்றாய் எதிர்கொண்டனர்!

உயிரைக் கொடுத்துவிட்டதால் ஒரு கொள்கை உண்மையாகிவிடுமா? ஆகாது! எல்லா மதத்திலும் மாண்டோர் உண்டு. மதத்தை மறுத்து மாண்டோரும் உண்டு. தியாகம் உறுதிக்குச் சான்று, உண்மைக்குச் சான்றன்று. அவர்தம் வானுலகக் கனவு நமக்கு வேண்டாம். ஆனால், ஆள்வோன் ஆணையிட்டும் அடிபணியேன் என்ற நெஞ்சுரம் இருக்கிறதே, அது மனித குலத்தின் சொத்து!

அந்தச் சொத்தை வாரிசுகள் காத்தனரா? 313-இல் உரிமை கிடைத்தது. 380-இல் அவர்கள் மதமே அரச மதமாயிற்று. 415-இல் அலெக்சாந்திரியாவில் கணித அறிஞர் ஹைபேசியாவைக் கொன்றது கிறிஸ்தவக் கும்பல். சிங்கத்தின் வாயில் சிக்கியவரின் வழித்தோன்றல்கள், தாமே சிங்கமாயினர்!

கடல் கடந்த கதை எதற்கு என்பீரோ? நம் குமரி மண்ணுக்கு வாருங்கள். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனைப் பணியாளர். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனைக்குக் காரணம் எது என்பதில் வரலாற்றாசிரியரிடையே வழக்குண்டு. ஆனால், சாதி வேறுபாடு பாராமல் அனைவரும் சமம் என்று அவர் வலியுறுத்தினார் எனத் திருச்சபையே கூறுகிறது. 2022 மே 15-இல் அவரைப் புனிதராகவும் அறிவித்தது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னர் என்ன நடந்தது? 1872-இல் எழுந்த தேவாலயத்துள்ளே, சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்தது ஒரு சுவர்! பீடம் ஒன்று, வேதம் ஒன்று, பூசை ஒன்று. மனிதர் மட்டும் இரண்டு! 1910-இல் அச்சுவரை இடிக்கச் செய்தவர்களும் பாதிரிமாரே, அவர்களைப் பாராட்டுவோம். ஆனால், இடித்தது தவறென்று நீதிமன்றப் படியேறினர் சாதிக் கிறிஸ்தவர், ஏறித் தோற்றனர்!

சுவர் விழுந்தது, சாதி விழுந்ததா? 2008-இல் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கிறிஸ்தவர் தமக்கெனத் தனிப் பங்கு கேட்டனர். சவ ஊர்வலத்துக்குப் பொதுத்தெருவில் வழி கேட்டனர். மூண்டது கலவரம், போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். சமத்துவம் பேசி மாண்டவருக்குத் தேர். செத்தவனைச் சுமந்து செல்லத் தெருவில்லை! இதுவா தியாகிக்குச் செய்யும் மரியாதை?

இளைஞர்களே! தியாகியின் எலும்பைப் பேழையில் வைப்பது எளிது. அவன் எண்ணத்தை வீதியில் வைப்பது கடினம். எந்த மதத்தின் தியாகியானாலும், எந்த இயக்கத்தின் தியாகியானாலும், அவன் சிலைமுன் மெழுகுவத்தி எத்தனை என்று எண்ணாதீர். அந்த ஊரில் கல்லறை எத்தனை, பாதை எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு என்று விடை வருமானால், அங்கே தியாகி இன்னும் கொல்லப்பட்டுக்கொண்டே இருக்கிறான்!