தரகுக்கு மேல் தரகு

கோட்டக்குப்பத்தில் மனை விலை ஏறிக்கொண்டே போகிறது. புதுச்சேரி எல்லையை ஒட்டிய ஊர், பக்கத்தில் ஆரோவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பணக்காரரின் கார்கள் ஓயாமல் ஓடுகின்றன. ஏறிய விலை யார் மடியில் விழுகிறது என்பதே நமது கேள்வி.

உழைப்பாளி வீட்டை ஆசைப்பட்டு விற்பதில்லை. 2020ல் புதுச்சேரி ஏ.எப்.டி. ஆலை மூடப்பட்டதே, அப்படி வேலை பறிபோனவன் விற்கிறான். கடன் கழுத்தை நெரித்தால், ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் விற்கிறான். அவனுடைய அவசரமே தரகனுக்கு மூலதனம்.

கணக்கைப் பாருங்கள். வீடு 20 லட்சம் ரூபாய்க்குப் போகிறது. நூற்றுக்கு இரண்டு தரகு என்றால் ரூ.40,000. 2025-26ஆம் ஆண்டுக்கு மத்திய சர்க்கார் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு ரூ.336. நூறு நாளும் வேலை கிடைத்தாலே ரூ.33,600தான்! வாங்குகிறவரிடமும் இதே தரகு தனியாகக் கறக்கப்படுகிறது.

இத்தோடு விட்டால் போகிறது என்கலாம். விடுவதில்லை. கிரயம் முடியும் நாளில், சார்பதிவாளர் அலுவலக வாசலில், புதுப்புதுச் செலவுகள் முளைக்கின்றன. வில்லங்கம் பார்த்த கூலி என்பான். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். "ஆபீஸ் செலவு" என்பான். எந்த ஆபீஸ், யாருக்கு என்று சொல்லமாட்டான். ஜி.எஸ்.டி. என்று நூற்றுக்குப் பதினெட்டு கேட்பவனும் உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு எண் இல்லாதவனுக்கு அந்த வரியை வசூலிக்க உரிமையே கிடையாது.

எல்லாவற்றிலும் கொடியது வேறு. விற்பவரிடம் 20 லட்சம் என்று பேசி, வாங்குபவரிடம் 23 லட்சம் என்று சொல்லி, நடுவில் 3 லட்சத்தை விழுங்குவது! இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. உரிமையாளருக்குத் தெரியாமல் முகவர் தன் சொந்தக் கணக்கில் பேரம் நடத்தி அடைந்த லாபத்தை உரிமையாளர் கேட்டு வாங்கலாம் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 216ஆவது பிரிவு. கேட்டால் கணக்குக் காட்டவேண்டும் என்கிறது 213ஆவது பிரிவு. ஆனால் கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்கில் நிற்க எந்தக் கூலிக்காரனால் முடியும்?

2016ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் தரகர்கள் பதிவு செய்யவேண்டும் என்கிறது. யாருக்காக? பதிவு பெற்ற புதுக் குடியிருப்பு, மனைப்பிரிவுத் திட்டங்களில் விற்பவருக்காக. ஒருவர் தம் பழைய ஓட்டு வீட்டை இன்னொருவருக்கு விற்கும் பேரத்தை அது தொடவில்லை. தரகுக்கு உச்சவரம்பும் விதிக்கவில்லை. பிரிட்டனிலோ, என்னென்ன கட்டணம் என்பதை முன்கூட்டியே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கும்படி 1979ஆம் ஆண்டுச் சட்டமே தரகரைக் கட்டாயப்படுத்துகிறது. முதலாளித்துவ நாட்டில் இருக்கும் இந்தச் சிறு பாதுகாப்புகூட நம் ஏழைக்கு இல்லை!

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நாலு பேரை அறிமுகப்படுத்தி வயிறு கழுவும் சிறு தரகரை நாம் பகைக்கவில்லை. அலைந்ததற்குக் கூலி வாங்கட்டும். பேசிய கூலியை வாங்கட்டும்.

பழைய வீட்டுக் கிரயத்துக்கும் தரகு வரம்பை மாநில சர்க்கார் நிர்ணயிக்கவேண்டும். தரகுத் தொகையை எழுத்தில் தருவது கட்டாயமாக்கப்படவேண்டும். அதுவரை, வீடு விற்கும் தோழர்கள் தரகு எவ்வளவு, அதில் எவையெல்லாம் அடக்கம் என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். எழுத மறுப்பவனிடம் மூலப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.