சாம்பியன் ரீஃபும் புறாமலையும்

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் இரயில் பாதையில் கடைசி நிலையத்துக்கு முந்தையது சாம்பியன். கோலார் தங்கவயலின் அந்தப் பகுதிக்குச் சாம்பியன் ரீஃப் என்று பெயர். கடலுக்கு வெகு தொலைவில், மேட்டுநிலத்தில் கிடக்கும் ஓர் ஊர் இப்பெயரைப் பெற்றதற்குக் காரணம் உண்டு. நீருக்கடியில் மறைந்து கிடக்கும் பாறைத்திட்டைச் சுட்ட வட ஐரோப்பிய மாலுமிகள் வழங்கிய சொல் ரீஃப். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தார் அச்சொல்லைத் தங்கம் பொதிந்த கல்லோட்டத்துக்கு வழங்கினர். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கோலாரில் கால் வைத்த காலத்தில் அது சுரங்கத் தொழிலின் பொதுச்சொல்லாகியிருந்தது.

ஒரே சொல் இரு பொருளைச் சுட்டுவது மொழியியலில் வியப்புக்குரியதன்று. ஆனால் அவ்விரு பொருளையும் ஒரே முறையில் நடத்தத் தொடங்கியிருப்பது கேள்விக்குரியது. கடலின் உயிருள்ள ரீஃபை இன்றைய தீவுச் சுற்றுலா நடத்தும் முறை, தங்கவயலின் ரீஃபைச் சுரங்க நிறுவனம் நடத்திய முறையேயாகும். உள்ளதை உள்ளவரை எடுப்பது, எடுத்ததை வெளியே கொண்டுசெல்வது, எஞ்சிய கழிவை உள்ளூர் மக்களிடம் விட்டுச்செல்வது என்பதே அம்முறை. சுற்றுலாவைப் ‘புகையில்லாத் தொழில்’ என்று பாராட்டுவோர் இதை மறுக்கக்கூடும். அவர்கள் நிலாவெளிக்குச் சென்று பார்க்கட்டும்.

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது புறாமலை. புறாத்தீவு என்றும் அதனை வழங்குவர். பெரிய தீவு ஏறக்குறைய இருநூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் உடையது. ஒரு கல்லூரி விளையாட்டுத் திடலைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். அங்கு வாழும் மாடப்புறாக்களைக் காக்க 1963இல் அது சரணாலயமானது. சுற்றியுள்ள முருகைக்கற்பாறைகளுக்காக 2003இல் தேசியப் பூங்காவானது. 2009இல் போர் முடிந்து பாதைகள் திறந்தபின் மக்கள் திரளாக வரத் தொடங்கினர். மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்குகின்றன. அச்சிறு தீவில் நிற்க இடமில்லாதபோது அவர்கள் நீரில் இறங்குகின்றனர். முருகை இடுப்பளவு நீரிலேயே தொடங்கிவிடுகிறது. நீந்தத் தெரியாதவர், முகக்கண்ணாடியில் நீர் புகுந்து திணறுபவர், படம் எடுக்க நிமிர்பவர் என எல்லோரும் கால் ஊன்றுவது அதன்மேல்தான்.

மிதிபடுவது கல்லாயிருந்தால் கவலையில்லை. முருகை என்பது நுண்ணிய விலங்குகளின் கூட்டம்; சுண்ணாம்புக் கூட்டின்மேல் மெல்லிய தோலாக அது படர்ந்திருக்கிறது. அத்தோலினுள் வாழும் நுண்பாசி வெயிலில் உணவு சமைத்து விலங்குக்கு ஊட்டுகிறது. கால் பட்டால் தோல் கிழியும். கிழிந்த இடத்தில் நோயும் வேற்றுப்பாசியும் ஏறும். துடுப்புக்காலணி கிளப்பும் மணல் படிந்தால் வெளிச்சம் மறைந்து பாசி சமைப்பது குறையும். மணலை உதறுவதிலேயே விலங்கின் ஆற்றல் கழியும். நங்கூரம் பெயர்த்த துண்டு அலையில் உருண்டு அண்டையிலுள்ளவற்றையும் நொறுக்கும். திரண்டு வளரும் முருகை வகைகள் ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்பவை. ஒரு விரல் நீளம் உயர ஏறத்தாழப் பத்தாண்டு வேண்டும். அதனை ஒடிக்க ஒரு நொடி போதும். இவ்விரு கால அளவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாத எந்தத் தொழிலும் சுரங்கத் தொழிலே.

தமிழ்க் கடலுக்கு இப்பாடம் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகளைப் பல பத்தாண்டுகள் வெட்டியெடுத்தனர். 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பின்னும் அது உடனே நின்றுவிடவில்லை. 2001இல் பவளங்கள் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குள் அலையைத் தடுத்த அரண் பல இடங்களில் போய்விட்டது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் இன்று நீருக்கடியில் உள்ளன. கடப்பாரையால் வெட்டியதைக் குற்றம் என்று ஏற்றுக்கொண்ட சமூகம், அதே அழிவைக் கால்களால் மெல்லச் செய்வதை மட்டும் பொழுதுபோக்கு என்று ஏற்கிறது.

இதில் சொற்களுக்கும் பங்குண்டு. பவளம் நவமணிகளுள் ஒன்று, பாறை உயிரற்றது. இரண்டையும் சேர்த்துப் பவளப்பாறை என்றபோது, விற்பதற்குரிய மணியும் மிதிப்பதற்குரிய கல்லும் சொல்லில் இடம்பெற்றன, உயிர் இடம்பெறவில்லை. ஈழத்தமிழின் முருகைக்கல்லும் கல்லிலேயே முடிகிறது. மக்கள் வழக்கைக் குறை கூறிப் பயனில்லை. உயிரியல் அறியப்படுமுன் பிறந்த சொற்கள் அவை. ஆனால் உயிரியல் அறிந்தபின் எழுதப்படும் திட்ட அறிக்கைகளும் விளம்பரங்களும் ‘பயன்படுத்தப்படாத சுற்றுலா வளம்’ என்று எழுதுவதை எப்படி மன்னிப்பது? பயன்படுத்தாமல் விட்டதால்தான் அது இன்னும் இருக்கிறது என்ற எளிய உண்மையை அத்தொடர் ஒரு குறைபாடாக மாற்றிவிடுகிறது. எடுக்கப்படாத தாது என்று சுரங்கப் பொறியாளர் சொல்வதும் இதே இலக்கணம்தான்.

முருகையைக் கொல்வது கடல்வெப்பம், சில ஆயிரம் கால்களைத் தடுத்து என்ன பயன் என்று கேட்போர் உண்டு. கடல்வெப்பம் முதன்மைக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1998ஆம் ஆண்டு வெளிறலில் இலங்கையின் தெற்கே ஹிக்கடுவைப் பாறைகள் பேரழிவுக்கு உள்ளானபோது திருகோணமலைப் பாறைகள் தப்பின. வெப்பம் விட்டுவைத்ததைக் கால்கள் அழிக்கலாம் என்பது என்ன வாதம்? வெளிறிய முருகை மீள்வதற்குத் தூய நீரும் தொந்தரவற்ற காலமும் தேவை. வெப்பத்தைத் தணிப்பது ஒரு மாவட்ட நிருவாகத்தின் கையில் இல்லை. படகுகளை எண்ணுவது அதன் கையில் உள்ளது. காய்ச்சல்காரரை மிதிக்கலாம், அவர் காய்ச்சலால்தான் சாகப்போகிறார் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது: படகோட்டிகளின் பிழைப்பு என்னாவது? போரிலும் ஆழிப்பேரலையிலும் எல்லாம் இழந்த கரை அது. அங்குள்ளவர்களிடம் வருமானத்தை விடுங்கள் என்று சொல்லும் தகுதி நகரத்துப் பேராசிரியர் எவருக்கும் இல்லை. ஆயினும் இவ்வாதத்தை முன்வைப்போர் தங்கவயலை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் அங்கிருந்து வெளியேறியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. வடார்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்த தொழிலாளர், பெரும்பாலும் தலித் மக்கள், அதனைத் தோண்டினர். அந்நாளிலும் சுரங்கத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம் பிழைப்புதான். தாதுவின் செறிவு குறைந்து செலவு மிகுந்தது; 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. தங்கம் போன ஊரில் மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட சயனைடுக் கழிவு மேடுகளாக நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அதன் தூசு வீடுகளுக்குள் வருகிறது. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

முருகை செத்தபின் நிலாவெளியில் நடக்கப்போவதும் இதுவே. பயண நிறுவனம் வேறொரு தீவை விளம்பரம் செய்யும். விடுதி முதலாளி வேறொரு கரையில் முதலிடுவார். படகோட்டிக்கு வேறு கடல் இல்லை. ஆகவே அவர் பெயரைச் சொல்லிக் கூட்டத்தை நியாயப்படுத்துவது, அவரது வைப்புநிதியை உடைத்து அவருக்கே கூலி கொடுப்பதாகும். தங்கம் வளராது; முருகை வளரும். தங்கவயலுக்குக் கிடைக்காத அந்த வாய்ப்பு நிலாவெளிக்கு உண்டு.

அது செயற்படக்கூடியது என்பதற்குத் தாய்லாந்தின் மாயா விரிகுடா சான்று. ஒரு நாளில் ஐயாயிரம் பேர்வரை வந்து குவிந்த அந்தச் சிறு கரையை 2018 ஜூனில் மூடினர். 2022 ஜனவரியில்தான் திறந்தனர். இடைக்காலத்தில் முருகை நட்டனர். கருமுனைச் சுறாக்கள் விரிகுடாவுக்குத் திரும்பின. இன்று படகுகள் விரிகுடாவினுள் நுழைவதில்லை. வருவோர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஆண்டில் இரண்டு மாதங்கள் மீண்டும் மூடுகின்றனர். புறாமலைக்கும் இதுவே வழி. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற கண்டிப்பான வரம்பு, ஆழமற்ற பகுதியில் இறங்கத் தடை, நங்கூரத்துக்குப் பதில் நிலையான கட்டுமிதவை, சுழற்சி ஓய்வு, நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு உள்ளூர்ப் படகோட்டிகளுக்கு. குறைவான பேரை அழைத்துச்சென்று முறையான கூலி பெறும் படகோட்டியே அப்பாறையின் சிறந்த காவலராவார்.

வரம்பை யார் வகுப்பது என்பதே இறுதிக் கேள்வி. நிருவாகம் இதற்குத் ‘தாங்குதிறன்’ என்ற கலைச்சொல்லை வைத்திருக்கிறது. அதன் ஆங்கில மூலம் சரக்குக் கப்பலின் கொள்ளளவைக் குறிக்கப் பிறந்தது. எவ்வளவு ஏற்றலாம் என்பது கப்பல் முதலாளியின் கேள்வி. தமிழில் தாங்குதல் என்பதற்குச் சுமத்தல் என்றும் துன்பம் பொறுத்தல் என்றும் இருபொருள் உண்டு. எனவே தமிழில் இச்சொல்லைக் கையாளும் ஆய்வாளர் ஒவ்வொருவரும், தாங்குவது எது, எவ்வளவு காலமாகத் தாங்குகிறது என்று கேட்கக் கடமைப்பட்டவர். எத்தனை அறைகள் நிரம்பும் என்பதிலிருந்து பெறப்படும் எண் தாங்குதிறன் ஆகாது. ஓராண்டில் முருகை எவ்வளவு வளர்ந்தது, எவ்வளவு உடைந்தது என்ற கணக்கிலிருந்தே அது பெறப்படவேண்டும்.

இக்குற்றத்தில் கல்விப்புலத்துக்கும் பங்கில்லாமல் இல்லை. கடற்கரை நகரில் கருத்தரங்கு வைத்து, இரண்டாம் நாள் பிற்பகலில் தீவுப் பயணம் சேர்த்து, அதனைக் களஆய்வு என்று கணக்கெழுதும் வழக்கம் துறைதோறும் உள்ளது. சூழலியல் பற்றிக் காலையில் கட்டுரை வாசித்தவரே மாலையில் முருகைமேல் நின்று படமெடுத்துக்கொள்கிறார். அடுத்த பருவத்துக்கான பயண அறிவிப்புகள் துறைப் பலகைகளில் ஒட்டப்படும்போது மாணவர்கள் ஒன்று கேட்கலாம்: எத்தனை பேர் செல்கிறோம், அந்த எண்ணை முடிவுசெய்தது பேருந்தின் இருக்கைகளா, பாறையின் நிலையா? விடை இருக்கைகள் என்றால், நாற்பது பேர் இறங்கும் அந்தக் கடலடியும் இன்னொரு சாம்பியன் ரீஃப்தான்.