ஈ செய்த பாவம் என்ன?

"தலையெழுத்தை யாராலும் மாற்ற முடியாது" என்று வைதீகர்கள் ஓயாமல் சொல்லி வருகிறார்கள். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். 1927-ல் அமெரிக்காவில் முல்லர் என்பவர் பழ ஈக்களின் மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, அவற்றின் சந்ததியின் தலையெழுத்தையே மாற்றிக் காட்டவில்லையா? அதற்காக 1946-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுக்கப்படவில்லையா?

ஜீவன்களின் உண்மையான எழுத்து செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் இரட்டை இழையேயாகும். அது தினமும் கெடுகிறது. கெட்டதை மந்திரமா சீர்செய்கிறது? இல்லை. சில புரோட்டீன்கள் கெட்ட துண்டை வெட்டியெறிந்து, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாகக் கோக்கின்றன. இரண்டு இழையும் அறுந்துவிட்டால் அதே போன்ற மற்றொரு பிரதியைப் பார்த்து எழுதிக்கொள்கின்றன. அல்லது அறுந்த முனைகளை அப்படியே ஒட்டுகின்றன. ஒட்டுவதில் பிழையும் நேருகிறது. சர்வ வல்லமையுள்ளவன் எழுதிய எழுத்தானால் இத்தனை ரிப்பேர் எதற்கு?

ஈயில் மெய்-9 என்னும் ஜீன் பழுதானால் அந்த வெட்டும் வேலை நடவாது. மனிதரில் அதற்கு இணையான ஜீன் எக்ஸ்.பி.எப். என்பதாகும். இவ்வேலைக்கான ஜீன்கள் பழுதான குழந்தைகளுக்கு வெயில் பட்ட தோலில் புற்றுநோய் காண்கிறது. காரணம் ரிப்பேர் நடவாமையே என்று 1968-ல் கிளீவர் என்பவர் காட்டிவிட்டார். பழுதான ஜீன் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வருவது.

அக்குழந்தையைக் காட்டி "முன்ஜென்ம பாவம்" என்று தாயைப் பழிக்கும் புண்ணியவான்களே! அதே பழுதுடைய ஈ எந்த ஜென்மத்தில் என்ன பாவம் செய்தது?

தோழர்களே! அக்குழந்தைக்கு வேண்டியது பரிகாரமல்ல. வெயில் படாத காப்பும் வைத்தியருமேயாகும்.