புயல் நிவாரணம் சலுகையல்ல, உரிமை

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து நான்கு மாதங்கள் கழிந்த பின்னர், 2025 ஏப்ரல் 5 அன்று, உள்துறை அமைச்சர் அமித் ஷா தலைமையிலான உயர்நிலைக் குழு தில்லியிலிருந்து ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து தமிழ்நாட்டிற்கு 522.34 கோடி ரூபாயும் புதுச்சேரிக்கு 33.06 கோடி ரூபாயும் வழங்கப்படும் என்பதே அது. தமிழ்நாடு அரசு கோரிய தொகை 6,675 கோடி ரூபாய். அதில் எட்டு சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. பிப்ரவரியில் இதே குழு ஐந்து மாநிலங்களுக்கு 1,554.99 கோடி ரூபாய் ஒதுக்கியபோது, தமிழ்நாட்டின் பெயர் அந்தப் பட்டியலிலேயே இடம்பெறவில்லை.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், விரைந்து நகராமல் ஒரே பகுதியில் நிலைகொண்டு மழையைக் கொட்டியது. மயிலத்திலும் ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் புதையுண்டு 7 பேர் மாண்டனர். சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவில் திறக்கப்பட்ட வெள்ளம், தென்பெண்ணையின் இருகரைகளிலும் விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களை மூழ்கடித்தது. நெற்பயிர் அழுகியது, கால்நடைகள் அடித்துச் செல்லப்பட்டன, குடிசைகள் இருந்த இடம் தெரியாமல் போயின.

இந்த வஞ்சனை புதியதல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் மூழ்கடித்தது. இரு வாரங்களுக்குள் தென்மாவட்டங்களில் பெருவெள்ளம் ஏற்பட்டது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. இவ்விரு பேரிடர்களுக்குமாகத் தமிழ்நாடு கோரியது சுமார் 37,907 கோடி ரூபாய். மாநில அரசு உச்சநீதிமன்றத்தின் படியேறிய பின்னர், 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து கிடைத்ததோ சுமார் 276 கோடி ரூபாய். அதாவது நூறு ரூபாய் கேட்டவருக்கு ஒரு ரூபாய்கூடத் தரப்படவில்லை.

நூற்றுக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட வயநாடு நிலச்சரிவிலும் இதே அணுகுமுறைதான். மறுகட்டமைப்புக்கு உதவி கேட்ட கேரளத்திற்கு, 2025 பிப்ரவரியில் 529.50 கோடி ரூபாய் கடனாகத் தரப்பட்டது. அதையும் மார்ச் 31-க்குள் செலவிட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. வீடிழந்தோருக்கு ஒரு நகரியத்தையே எழுப்ப வேண்டிய அரசுக்கு வழங்கப்பட்ட அவகாசம் ஒன்றரை மாதம்!

‘மாநிலப் பேரிடர் நிதிக்கு ஏற்கெனவே பணம் தந்துவிட்டோம்’ என்பது ஒன்றிய ஆட்சியாளர்களின் வழக்கமான பதில். 2024 டிசம்பரில் விடுவிக்கப்பட்ட 944.80 கோடி ரூபாயையும் அவர்கள் இவ்வாறே கணக்குக் காட்டுகின்றனர். ஆனால், அது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, புயல் வந்தாலும் வராவிட்டாலும், மாநிலத்திற்குச் சேர வேண்டிய பங்கு. அந்த நிதியால் தாங்க முடியாத பேரழிவு நேரும்போது கைகொடுப்பதற்காகவே தேசிய நிதி உருவாக்கப்பட்டது. உரிய பங்கைக் கொடுத்துவிட்டு அதையே கூடுதல் உதவி என்று சொல்வது மக்களை ஏமாற்றுவதாகும்.

ஒதுக்கீடு மட்டுமல்ல, நிவாரண விதிமுறைகளும் உழைப்பாளி மக்களுக்கு எதிராகவே உள்ளன. 2022-26 காலத்திற்கான விதிப்படி, மானாவாரிப் பயிர் அழிந்தால் ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். பாசன நிலமாயின் 17,000 ரூபாய். ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏழாயிரத்தைக்கூட எட்டாத இத்தொகை, உழவுக்கும் உரத்துக்குமே போதாது. இதுவும் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தான். வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவர் கடன்பட்டுப் போட்ட முதலை இழக்கிறார். இழப்பீடோ நிலவுடைமையாளரின் கணக்கில் சேர்கிறது. வயல் மூழ்கியதால் விவசாயத் தொழிலாளி இழந்த வேலைநாட்களுக்குப் பயிர் இழப்பீட்டில் இடமே இல்லை. கஜா புயலில் டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகள் சாய்ந்தபோது, புதிய கன்று காய்க்கும்வரை பல ஆண்டுகள் எப்படிப் பிழைப்பது என்ற கேள்விக்கும் இந்த விதிமுறைகளில் விடை இருக்கவில்லை.

இந்நிலையில், இருந்த ஒரு சிறு பாதுகாப்பையும் மோடி அரசாங்கம் பறித்துவிட்டது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, கடும் பேரிடரில் பாதிக்கப்பட்டோரின் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் நிவாரணம் அளிக்கப் பரிந்துரைக்கும் அதிகாரத்தைத் தேசிய ஆணையத்திற்கு வழங்கியிருந்தது. வயநாட்டில் அனைத்தையும் இழந்தவர்களின் வங்கிக் கடனைத் தள்ளுபடி செய்யுமாறு கேரளம் கோரிவந்த வேளையில், 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்ட திருத்தச் சட்டத்தின் மூலம் அப்பிரிவே நீக்கப்பட்டுள்ளது. கார்ப்பரேட்டுகளின் வாராக் கடன்களை லட்சக்கணக்கான கோடிகளில் கணக்கிலிருந்து நீக்குவதற்குத் தயங்காத ஆட்சி, மண்ணில் புதைந்த வீட்டின் மீதான கடனைத் தள்ளுபடி செய்ய மறுக்கிறது.

புயலைத் தடுக்க முடியாது. அது பேரழிவாக மாறுவதைத் தடுக்க முடியும். 1999ஆம் ஆண்டுப் புயலில் ஒடிசாவில் சுமார் பத்தாயிரம் பேர் மாண்டனர். 2019இல் ஃபானி புயல் தாக்கியபோது, சுமார் 12 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு நூறுக்கும் கீழே நின்றது. பொதுத்துறை வானிலை ஆய்வும் அரசு கட்டிய புயல் காப்பகங்களுமே அந்த உயிர்களைக் காத்தன.

அட்லாண்டிக் கடலோரத்தின் அனுபவமும் இதையே உணர்த்துகிறது. 2004இல் ஐவன் சூறாவளியின்போது, அமெரிக்கத் தடையால் நெரிக்கப்பட்டுள்ள கியூபா, சுமார் 20 லட்சம் மக்களை இடம்பெயர்த்து ஓர் உயிரைக்கூட இழக்காமல் மீண்டது. மறு ஆண்டே கத்ரீனா தாக்கியபோது, உலகின் மிகப்பெரும் பணக்கார நாட்டின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், சொந்த வாகனமற்ற ஏழைகள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், வெள்ளத்தில் கைவிடப்பட்டனர். அந்தச் சூறாவளி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2024இல் ஹெலீன் சூறாவளி இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பின்னரும், டிரம்ப் நிர்வாகம் பாரிஸ் உடன்பாட்டிலிருந்து விலகுவதாக அறிவித்ததோடு, சூறாவளிகளைக் கண்காணிக்கும் அரசுத்துறையின் நூற்றுக்கணக்கான ஊழியர்களையும் பணிநீக்கம் செய்துள்ளது. லாபவெறியால் கடல் சூடாகிறது. விலை கொடுப்பவர்களோ அந்த லாபத்தில் எந்தப் பங்கும் பெறாதவர்கள்.

மாநில அரசின் பொறுப்பும் சிறியதல்ல. அணை திறக்கப்படும் எச்சரிக்கை ஆற்றோரத்தின் கடைசிக் குடிசை வரை உரிய நேரத்தில் சென்று சேர்வதை அது உறுதிசெய்ய வேண்டும். பள்ளிக்கரணை போன்ற சதுப்புநிலங்களையும் ஏரிகளையும் மனைவணிக நலன்களிடமிருந்து மீட்க வேண்டும். குத்தகை விவசாயிகளைப் பதிவு செய்வதற்கு எவருடைய அனுமதிக்காகவும் அது காத்திருக்க வேண்டியதில்லை.

எனினும் நிதியின் திறவுகோல் தில்லியில் உள்ளது. தமிழ்நாட்டிற்கான தேசிய நிதி, நேரில் மதிப்பிடப்பட்ட சேதத்தின் அடிப்படையில் மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும். மத்தியக் குழு ஆய்வு செய்த நாளிலிருந்து முடிவெடுப்பதற்குச் சட்டப்படியான காலவரம்பு வேண்டும். நிவாரண விதிமுறைகள் உண்மையான சாகுபடிச் செலவுக்கு ஏற்ப உயர்த்தப்பட்டு, குத்தகை விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் மீனவர்களும் முழுமையாக அவற்றின் வரம்புக்குள் கொண்டுவரப்பட வேண்டும். நீக்கப்பட்ட 13ஆவது பிரிவு மீண்டும் சேர்க்கப்பட வேண்டும். நிதிக்குழு வகுக்கும் நிதிப்பகிர்வில், கடலோர மாநிலங்களின் பேரிடர் அபாயம் உரிய வகையில் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

வெள்ளம் சூழ்ந்த பின்னர் உணவுப் பொட்டலங்களுடன் மக்களிடம் செல்வது கட்சி அணிகளின் கடமை. அதை அவர்கள் எப்போதும் நிறைவேற்றி வந்துள்ளனர். அதைவிடக் கடினமான கடமை, வானம் வெளுத்திருக்கும் நாட்களிலேயே, பாதிக்கப்பட்ட கிராமந்தோறும் சென்று, இழப்பீடு மறுக்கப்பட்டவர்களைத் திரட்டி, நிவாரணம் யாசகமல்ல, உரிமை என்ற முழக்கத்தைத் தில்லியின் காதுகளுக்கு எட்டச் செய்வதாகும்.