ஒரு காலை நம்பிய அணி

கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாத என்னை, செயின்ட் லூயிஸில் மகள் வீட்டில் கழித்த ஆறு மாதம் பேஸ்பால் பார்க்க வைத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு என் வயதுதான். அந்த ஊர் கார்டினல்ஸ் அணியின் பரம பக்தர். 1985 என்று வாயெடுத்தால் போதும், "அம்பயர் எங்கள் கோப்பையைப் பறித்துவிட்டார்" என்பார். அங்கே விருந்தாளியாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன்: கோப்பை போனது அம்பயரால் அல்ல.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் பறப்பதற்கும் திருடுவதற்கும் ஒரே சொல்தான், 'வோலே'. பேஸ் திருடுவது என்பதும் அப்படித்தான். முதல் பேஸில் நிற்பவர், மட்டைக்காரர் அடிக்கட்டும் என்று காத்திராமல், பந்து வீசும்போதே இரண்டாம் பேஸுக்குப் பறந்துவிடுவார். பிடிபட்டால் அவுட்.

பயிற்சியாளர் ஒயிட்டி ஹெர்சாக்கின் அணிக்கு இதுதான் மூலதனம். அகன்ற மைதானம், செயற்கைப் புல், அதற்கேற்ற ஓட்டக்காரர்கள். 1985இல் 314 பேஸ்களைத் திருடினார்கள். பிடிபட்டது 96 முறை. ஹோம் ரன் வெறும் 87. ஆனாலும் 101 வெற்றி.

ஒரு ஆட்டத்துக்கு 27 அவுட்தான் ஒதுக்கீடு. அரசு வேலை பார்த்தவனுக்கு ஒதுக்கீட்டின் அருமை தெரியும். மார்ச் மாதம் கூடுதல் நிதி கேட்டு எழுதுவதுபோல 28ஆவது அவுட்டைக் கேட்க முடியாது. நான்கு முயற்சியில் மூன்று பலித்தால்தான் திருட்டு கட்டுப்படியாகும். அவர்களுக்குப் பலித்தது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை வேறு. 314இல் 110 வின்ஸ் கோல்மன் என்ற ஒரே மனிதருடையது. அவருக்கு அது முதல் வருடம். அக்டோபர் 13 அன்று, மைதானத்தை மூடும் தார்ப்பாய் இயந்திரம் அவர் காலில் ஏறியது. அதோடு அவருக்கு அந்த ஆண்டு முடிந்தது.

அதன் பிறகும் டாட்ஜர்ஸை வென்றார்களே என்பீர்கள். எப்படி வென்றார்கள்? கடைசி இரண்டு ஆட்டங்களையும் தீர்த்துவைத்தது ஓஸி ஸ்மித்தும் ஜாக் கிளார்க்கும் அடித்த ஹோம் ரன்கள்! கால் ஓய்ந்தபோது கைதான் காப்பாற்றியது.

உலகத் தொடரில் கையும் ஓய்ந்தது. கான்சஸ் சிட்டிக்கு எதிராக ஏழு ஆட்டங்களில் 13 ரன். ஆறாவது ஆட்டத்தில் அம்பயர் டான் டெங்கிங்கர் அவுட்டானவரை சேஃப் என்றது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் அப்போது கார்டினல்ஸ் எடுத்திருந்தது ஒரே ரன். மறுநாள் 11-0 என்று தோற்றார்களே, அதையும் அவர் தலையில் கட்டுவதா?

"1982இல் 67 ஹோம் ரன்னோடு கோப்பை வாங்கினோமே" என்பார் பெரியவர். உண்மை. எதிரே நின்ற மில்வாக்கி அந்த ஆண்டு 216 அடித்த அணி. ஆனால் அந்த வெற்றியில் ஓஸி ஸ்மித்தின் தடுப்பும் புரூஸ் சட்டரின் பந்துவீச்சும் இல்லையா? ஓட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. தடுத்த ரன் தெரிவதில்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு? எங்கள் அலுவலகத்தில் ஓய்வூதியக் கோப்புகள் அத்தனையும் ஒரே குமாஸ்தாவின் தலையில் இருந்தன. 'அவர் இருக்கும்போது கவலை எதற்கு' என்பார்கள். அவருக்கு டைபாய்டு வந்து ஒரு மாதம் படுத்தபோது ஒரு கோப்பும் நகரவில்லை. கணவனை இழந்த ஒரு அம்மா தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனாராம். அந்தக் குமாஸ்தா நான்தான். பாராட்டு கேட்டுப் பூரித்தேனே தவிர, பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு கோப்பைக்கூடக் கற்றுக்கொடுக்கவில்லை.

அன்று நாங்களும் டைபாய்டைத்தான் குறை சொன்னோம்.