திறமை என்று நான்தான் சொன்னேன்

முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் குப்பை கொட்டி, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். சொந்தத்தில் யாருக்குச் சட்டச் சந்தேகம் வந்தாலும் வக்கீலிடம் போவதற்கு முன் என்னிடம்தான் வருவார்கள். எனக்கு ஃபீஸ் கிடையாதே!

2019 ஐபிஎல் சமயம் தங்கை மகன் செல்போனை நீட்டினான். "மாமா, நூறு கிரெடிட்டுக்குள்ள பதினொரு பேரை எடுக்கணும். கேப்டனுக்கு ரெண்டு மடங்கு பாயின்ட், வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை. 49 ரூபா கட்டினா போதும். இது சூதாட்டமா?"

கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன். 1967-ல் சத்யநாராயணா வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது சுப்ரீம் கோர்ட். 1996-ல் நம்ம ஊரிலிருந்து போன டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயத்துக்கும் அதையே சொன்னது. 2017-ல் பஞ்சாப் ஹரியானா ஹைகோர்ட் இந்த ஃபேன்டஸி கிரிக்கெட்டையும் அதே வரிசையில் சேர்த்தது. 'ஆடு' என்று நான் சொல்லவில்லை. 'ஆடாதே' என்றும் சொல்லவில்லை.

பையனுக்குத் திறமை இல்லை என்று சொல்ல முடியாது. சேப்பாக்கத்தில் பந்து எப்போது திரும்பும், டாஸ் போட்டதும் யாரை மாற்ற வேண்டும், எல்லாம் அத்துப்படி. அவன் கேப்டனாகப் போட்டவர் இரண்டாவது ஓவரில் கால் பிசகி வெளியேறினால் திறமை என்ன செய்யும்? மூன்று சீசனில், தங்கை மகள் கல்யாணத்துக்கென்று சீட்டு எடுத்து வைத்திருந்த ஒன்றரை லட்சம் கரைந்தது. பதினெட்டு வயது, பான் கார்டு, சொந்த பேங்க் கணக்கு என்று கேட்ட நிபந்தனையெல்லாம் ஒழுங்காகப் பூர்த்தி செய்துதான் தோற்றான்.

அப்புறம்தான் சத்யநாராயணா தீர்ப்பை மறுபடி எடுத்துப் படித்தேன். எல்லோரும் (நானும்தான்) முதல் பாதியைத்தான் சொல்கிறோம். சீட்டுக்கட்டுக்கும் பராமரிப்புக்கும் கிளப் கொஞ்சம் வசூலித்தால் தப்பில்லை. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் கிளப் நடத்துபவர் லாபம் பார்த்தால், ரம்மியே ஆனாலும் குற்றமாகலாம் என்கிறது அடுத்த பாதி. இந்தக் கம்பெனிகள் கட்டணத்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டுதானே பரிசு கொடுத்தன? ஆடுகிறவனின் மூளையை அளந்த அளவுக்கு, நடத்துகிறவனின் கல்லாப்பெட்டியை யாரும் பார்க்கவில்லை என்பது என் வருத்தம்.

2025 ஆகஸ்டில் பார்லிமென்ட் கொண்டுவந்த சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே தூக்கிப் போட்டுவிட்டது. பணம் கட்டி, பணம் ஜெயிக்க நினைத்து ஆன்லைனில் ஆடும் எதையும் நடத்தக் கூடாது. மீறினால் மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை, அது நியாயம். பெரிய கம்பெனிகள் சில நாளிலேயே பணப் போட்டிகளை நிறுத்திவிட்டன.

எதிர்த்து வழக்கு போட்டிருக்கிறார்கள். தடை செய்தால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாத வெளிநாட்டு ஆப்புகளுக்குப் போய்விடும் என்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பந்தய மைதானத்தில் நேரில் பணம் கட்டுவது இந்தச் சட்டத்தில் வரவில்லை என்பதும் எனக்கு உறுத்தல்தான். ஆனாலும் நான் சட்டத்தின் பக்கம்.

தங்கை இப்போதெல்லாம் என்னிடம் சட்டம் கேட்பதில்லை. போனால் காபி மட்டும் தருகிறாள்.