கடைசி நாளும் காலிப் பெட்டியும்

அயல்நாட்டுப் பயணத்தில் கடைசி நாளுக்கென்று தனிச் சுவை உண்டு. கருத்தரங்கு முடிந்தாயிற்று, பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தாயிற்று, விமானமோ இரவில்தான். சிங்கப்பூரில் அப்படியொரு நாளை நாங்கள் நால்வரும் சிராங்கூன் சாலையில் தொடங்கினோம். 1947 முதல் நடந்துவரும் கோமள விலாசில் தோசையும் காப்பியும், பிறகு வீரமாகாளியம்மன் தரிசனம், அதன்பின் முஸ்தபா.

நண்பகலுக்குள் பெட்டிகள் நிறைந்தன. கோடாலித் தைலம், சாக்லேட், வாசனைத் திரவியம், யாரோ கேட்டனுப்பிய கைக்கடிகாரம். இதில் பிழையேதுமில்லை. காத்திருப்போரிடம் வெறுங்கையோடு போவது நம் வழக்கமன்று.

எஞ்சிய பொழுதைக் கழிக்கவே விக்டோரியா சாலையிலுள்ள தேசிய நூலகத்துக்குச் சென்றோம். உடன்வந்த உள்ளூர் அன்பர் தமிழ் நூலடுக்குகளின் முன் நின்று, "எங்கள் எழுத்தாளர்களில் யார் யாரை வகுப்பில் நடத்துகிறீர்கள் ஐயா?" என்று இயல்பாகக் கேட்டார்.

எங்களிடம் விடையில்லை. அயலகத் தமிழ் இலக்கியத்தை ஆண்டுதோறும் நடத்துகிறோம். 1887இல் 'சிங்கை நேசன்' வெளிவந்ததையும், 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' தொடங்கியதையும் ஐந்து மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்விக்கிறோம். ஆனால் 2008இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்ற லதாவின் 'நான் கொலை செய்யும் பெண்கள்' தொகுப்பை எங்களில் எவரும் புரட்டியதில்லை. பழைய குறிப்பேட்டிலிருந்து புதிய குறிப்பேட்டுக்குப் பெயர்களைக் கடத்தியதையே இலக்கியம் கற்பித்ததாக எண்ணியிருந்திருக்கிறோம்.

நூல்கள் இங்கே கிடைப்பதில்லை என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். சிங்கை எழுத்தாளர் பலரின் நூல்கள் தமிழகப் பதிப்பகங்களிலேயே அச்சாகின்றன என்னும்போது அதுவும் நிற்பதில்லை. கிடைக்காததன்று குறை, தேடாததே குறை. நம் எழுத்தை அவர்கள் வாசிக்க வேண்டும், மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டும் என எதிர்பார்க்கும் நாம், அவர்கள் எழுத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறோம். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் நாட்டுக்கு நாம் செய்யும் மரியாதை இதுதானா?

அன்று மாலை அன்பர் தந்த ஆறு நூல்களுக்காகச் சாக்லேட் பொட்டலங்கள் சில அவர் வீட்டுப் பிள்ளைகளிடமே தங்கிவிட்டன. ஊரில் முணுமுணுப்பு எழுந்தது உண்மை. நூல்களில் இரண்டு இப்போது மாணவர்களிடம் சுற்றி வருகின்றன.

அடுத்து அப்பக்கம் செல்லும் நண்பர்கள் கடைக்குப் போகட்டும். அதற்கு முன் நூலகத்துக்கும் போகட்டும். பெட்டியில் எவ்வளவு இடம் விட வேண்டுமென்பது அப்போதுதான் தெரியும்.